வலி விட்ட சனிக்கிழமை

சின்னவனே... டேய் சின்னவனே.

இப்படிக் கூப்புட்டா உள்ளாற இருந்து "என்னாண்ணே"ன்னு ஒரு சத்தம் வரும். நாலு மாசமா வரல. அதனால இத அவனுக்குச் சொல்லல, படிக்கிற உங்களுக்குச் சொல்றேன். அவன் வேணும்னா ஒட்டுக் கேட்டுக்கட்டும்.

அவன் என் தம்பி. எனக்கு இருபத்தஞ்சு, அவனுக்கு இருபத்திரெண்டு. வீட்ல என்னைப் பெரியவன்பாங்க, அவனைச் சின்னவன்பாங்க. அவன் சொந்தப் பேரச் சொல்ல எனக்கு இப்ப வாய் வரல, சின்னவன்னே சொல்லிக்கிறேன். நான் எட்டாப்போட நின்னவன். எழுதிப் பழக்கமில்ல. பேசுற மாதிரியே எழுதுறேன், பொறுத்துக்கங்க.

நாங்க ரெண்டு பேரும் கல்யாண வீட்டுப் பிரியாணி வேலைக்குப் போறவங்க. சமைக்கிறவரு பண்டாரி. அவரை மாமுன்னு தான் கூப்புடுவோம். நாங்க சமைக்கிறவங்க இல்ல, தூக்குறவங்க. தேக்சான்னு சொல்ற அந்தப் பெரிய பாத்திரத்துக்கு ரெண்டு பக்கமும் காது இருக்கும். காதுக்குள்ள கயித்தப் போட்டு, கட்டையக் கோத்து, ஆளுக்கு ஒரு பக்கம் தோள் குடுத்துத் தூக்கணும். உள்ள அரிசியும் கறியும் கொதிச்சுக்கிட்டு இருக்கும். மூடிக்கு மேல கரி கங்கு கிடக்கும். ஒருத்தன் கால் தப்பினா ரெண்டு பேருக்கும் வெந்துரும். அதனால சோடி முக்கியம். நான் முன்னாடி, அவன் பின்னாடி. ஏழு வருசமா அவன் கால் எங்க வைக்கிறான்னு திரும்பிப் பாக்காமயே எனக்குத் தெரியும்.

எங்க வேலையில தூக்குறவனுக்கு வயிறு வலிச்சா அதுக்கு ஒரே பேரு தான், குடல் ஏறிருச்சு. மூச்சக் கட்டி கனத்தத் தூக்கும்போது குடல் எடம் மாறிப் போய்ப் புடிச்சுக்கிருமாம். விளக்கெண்ணெயச் சுட வச்சு, தொப்புளச் சுத்தித் தடவி, அமுக்கி அமுக்கி இறக்கி விட்டாச் சரியாப் போயிருமாம். அந்தத் தடவல் எனக்கு வரும். எங்க செட்ல நாலஞ்சு பேருக்குத் தடவி விட்டுருக்கேன். "பெரியவன் கை பட்டா போதும்ப்பா"ன்னு சொல்லுவாங்க. எனக்கும் அதுல ஒரு பெருமை இருந்துச்சு. இப்ப யோசிச்சா அதெல்லாம் வெறும் வாயுவாத் தான் இருந்திருக்கும். தானாப் போயிருக்கும். பேரு மட்டும் எனக்கு வந்துச்சு.

அன்னைக்கு வியாழக்கிழமை. பரவைப் பக்கம் ஒரு சின்ன வேலை, ஒரே தேக்சா. மதியம் வேலை முடிஞ்சு எல்லாரும் சாப்புட உக்காந்தோம். சின்னவனுக்கு அடியில புடிச்ச சோறுன்னா உசுரு. கரண்டிய வச்சு சுரண்டித் திம்பான். அன்னைக்குத் தட்டத் தள்ளி வச்சுட்டான்.

"என்னாடா, நோன்பா?"

"இல்லண்ணே. தொப்புளச் சுத்தி ஒரு மாதிரி பிசையுது. பசியே இல்ல."

கொஞ்ச நேரத்துல எந்திரிச்சுப் போய் வேப்ப மரத்தடியில வாந்தி எடுத்தான். செட்டு பூராம் சிரிக்குது.

"மாப்ள, எத்தனை மாசம்?"

"மாங்கா வாங்கிட்டு வரவாடா?"

அவனும் வாயத் தொடச்சுக்கிட்டே, "பையன் பொறந்தா உன் பேரத் தாண்டா வைப்பேன், ஆனா மூஞ்சி மட்டும் உன்னாட்டம் வேணாம்"னான். நானும் சிரிச்சேன்.

அந்த வாரம் அம்மா வீட்ல இல்ல. அக்காவுக்குப் பரவையில பிள்ளை பொறந்திருந்துச்சு, அம்மா அங்க இருந்துச்சு. அத்தா, அதான் எங்க அப்பா, நாங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போதே மவுத்தாயிட்டாரு, இறந்து போயிட்டாரு. டவுனுக்குள்ள சந்துல எங்க ஒத்தை ரூம் வீட்ல நானும் அவனும் தான். அம்மா இருந்திருந்தா வெள்ளிக்கிழமையே அவன் காதப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். எங்கம்மா அப்படி. ஒரு தும்மலுக்கும் டாக்டரப் பாக்கணும்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போனோம். ருக்கூவுல எல்லாரும் குனிஞ்சு நிமிந்துட்டாங்க, அவன் மட்டும் குனிஞ்சவன் அப்படியே நிக்கிறான். அப்பறம் தொடையில கைய ஊண்டி, பைய பைய நிமிந்தான். வெளிய வந்ததும் கேட்டேன்.

"எங்கடா வலிக்குது?"

"நேத்து நடுவுல இருந்துச்சுண்ணே. இப்ப இங்கிட்டு வந்துருச்சு."

வலப்பக்கம், தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல ஒரு எடத்துல ரெண்டு விரல வச்சுக் காமிச்சான். இத எதுக்கு இம்புட்டு விவரமாச் சொல்றேன்னா, அந்த எடத்த எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும். நடுவுல ஆரம்பிச்சு, பசியக் கெடுத்து, வாந்தி வந்து, அப்பறம் வலப்பக்கம் கீழ இறங்கி அங்கயே குடி வச்சுக்கிரும். அவனுக்கு ஒண்ணு விடாம அப்படியே தான் வந்துச்சு. எனக்குத் தான் படிக்கத் தெரியல.

இல்ல, படிக்கத் தெரியலன்னு சொல்றதும் பொய்யி. ஒருத்தவுங்க படிச்சே சொன்னாங்க.

அன்னைக்குச் சாயந்தரம் எங்க தெரு முக்குல இருக்குற மெடிக்கலுக்குப் போனேன். அங்க ஒரு அக்கா இருக்கும்.

"அக்கா, தம்பிக்கு வயித்து வலி. ஊசி மாதிரி சட்டுனு கேக்குற மாத்திரை ஏதாச்சும் குடுங்க."

"எந்தப் பக்கம் வலிக்குது?"

காமிச்சேன்.

"காய்ச்சல் இருக்கா?"

"லேசா வெதுவெதுன்னு இருக்கு."

"நடக்குறானா?"

"குனிஞ்சுக்கிட்டு நடக்குறான்க்கா."

அந்தக்கா கையில எடுத்த அட்டைய திரும்ப டப்பாக்குள்ள போட்டுருச்சு. "இதுக்கு நான் வலி மாத்திரை தர மாட்டேன். வலி அமுங்கிருச்சுன்னா என்னன்னே தெரியாமப் போயிரும். அவனை ஒரு தடவை குதிக்கச் சொல்லு, இல்ல இருமச் சொல்லு. அந்த எடத்துல சுருக்குன்னு இழுத்துச்சுன்னா அது குடல்வாலா இருக்கும். அப்பண்டிஸ். சோறு தண்ணி குடுக்காம நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. பேதி மருந்து கீது குடுத்துறாத."

வீட்டுக்கு வந்தேன். "டேய், இருமு"ன்னேன். இருமுனான். இருமி முடிக்கல, ரெண்டு கையாலயும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சுவத்துல சாஞ்சுட்டான்.

"எதுக்குண்ணே இருமச் சொன்ன?"

"சும்மா தான்."

சும்மா தான்னு சொன்னேன். அந்தச் சொல்லு என்னை இன்னும் விடல.

ஏன் போகலன்னு கேப்பீங்க. ஞாயித்துக்கிழமை பழங்காநத்தத்துல ஒரு பெரிய கல்யாணம். ஆறு தேக்சா. அந்த வருசத்துல எங்களுக்கு வந்த பெரிய வேலை அது. சனிக்கிழமை காலைல பண்டாரி மாமு போன் பண்ணாரு.

"சோடி வருதாடா? சின்னவனுக்கு முடியலன்னு பயலுக சொன்னானுக."

"லேசா குடல் ஏறிருக்கு மாமு. நான் தடவி இறக்கி விட்டுர்றேன்."

"ஏலலன்னா இப்பவே சொல்லிரு. மாட்டுத்தாவணி பக்கம் ஒரு சோடி கேட்டுக்கிட்டே இருக்கானுக, அவனுகள வரச் சொல்றேன். நாளைக்கு வந்து கைய விரிக்காத."

"வாரோம் மாமு. ரெண்டு பேரும் வாரோம்."

அந்த மாட்டுத்தாவணி சோடிய எனக்குத் தெரியும். ஒரு தடவை உள்ள வந்துட்டானுகன்னா அப்பறம் எங்களுக்கு எடம் இல்ல. அந்தப் பயம். அதுக்காகத் தான். வேற பெரிய காரணம் ஒண்ணும் இல்ல. இருந்துச்சுன்னு சொல்ல ஆசையா இருக்கு, ஆனா இல்ல.

சனிக்கிழமை மதியம் லுஹர் தொழுதுட்டு வந்து எண்ணெயச் சுட வச்சேன். அவன் பாயில ஒருக்களிச்சு, வலது கால மடக்கி வயித்தோட சேத்து வச்சுப் படுத்திருந்தான். கால நீட்டச் சொன்னா நீட்ட மாட்டேங்குறான்.

"அண்ணே, வேணாம்ண்ணே. தொட்டாலே உசுரு போகுது."

"முதல்ல அப்படித் தான்டா இருக்கும். இறங்கும்போது வலிக்கும். துண்டக் கடிச்சுக்க."

அவன் என்னை நம்புனான். துண்டக் கடிச்சுக்கிட்டுக் கால நீட்டுனான்.

வலப்பக்கம் கை வச்சா தோலுக்கு அடியில கெட்டியா ஏதோ முட்டுது. அது தான் எடம் மாறுன குடலுன்னு நினைச்சேன். ரெண்டு கட்டை விரலயும் சேத்து வச்சு அமுக்கி, நடுவுக்குத் தள்ளுனேன். துண்டுக்குள்ள இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. நிறுத்தல. திரும்ப அமுக்குனேன். அவன் கை வந்து என் மணிக்கட்டப் புடிச்சுச்சு. தட்டி விட்டேன். எம்புட்டு நேரம்னு தெரியல. எனக்கே வேர்த்து ஊத்திருச்சு.

பேனாவக் கீழ வச்சுட்டேன். கொஞ்சம் இருங்க.

தடவுறத நிறுத்திட்டுக் கையத் தொடச்சேன். அவன் கண்ண மூடிக் கிடந்தான். மூஞ்சி பூராம் வேர்வை. கொஞ்ச நேரம் கழிச்சுக் கண்ணத் தொறந்தான்.

"அண்ணே."

"என்னாடா?"

"விட்டுருச்சுண்ணே."

"என்னாது?"

"வலி. வலி விட்டுருச்சு. சட்டுனு விட்டுருச்சுண்ணே!"

அவன் சிரிச்சான். நானும் சிரிச்சேன். "பாத்தியாடா! யாரு கை?"ன்னேன். "உன் கைய அறுத்து மகால் வாசல்ல கட்டித் தொங்க விடணும்ண்ணே, வாரவன் போறவன் பூராம் தொட்டுட்டுப் போவான்"னான். ரெண்டு நாளாப் பேசாதவன் அன்னைக்கு அம்புட்டுப் பேசுனான். டீ வாங்கிட்டு வந்து குடுத்தேன். பாதி குடிச்சான்.

அந்த நேரத்துல அம்மா போன் பண்ணுச்சு.

"சின்னவன் எங்கடா? காலைல இருந்து அவன் போன எடுக்க மாட்டேங்குறான்."

அவன் எனக்குப் பக்கத்துல தான் உக்காந்திருந்தான். சொல்லாத சொல்லாதன்னு கையக் காமிச்சான்.

"தூங்குறான்மா"ன்னேன்.

வலி விட்டது சரியானதால இல்ல. உள்ள அது வெடிச்சுருச்சு. கட்டிக்கிட்டு இருந்தது ஒடஞ்சா இழுப்பு நின்னு போயி கொஞ்ச நேரம் சுகமா இருக்கும். அந்தச் சுகத்துல தான் நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். இது பின்னாடி ஆஸ்பத்திரில சொல்லித் தான் எனக்குத் தெரியும்.

ஞாயித்துக்கிழமை விடிய எழுப்புனேன். அந்த வெயில் காலத்துல போர்வைக்குள்ள நடுங்கிக்கிட்டு இருந்தான்.

"குளுருதுண்ணே."

"வலிக்குதா?"

"அந்த வலி இல்ல. வயிறு பூராம் கனமா இருக்கு. மூச்சு இழுத்து விட்டா வலிக்குது."

"இன்னைக்கு ஒரு நாளு மட்டும்டா. நாளைக்குப் பூராம் படுத்துக்க."

"வாரேன்ண்ணே. நீ ஒருத்தன் எப்படித் தூக்குவ?"

ஒரு காய்ச்சல் மாத்திரையக் குடுத்துக் கூட்டிட்டுப் போனேன். கல்யாண மகாலுக்குப் பின்னாடி அடுப்பு வரிசையா எரியுது. நாலு தேக்சா தூக்குனோம். என் பின்னாடி அவன் கால் சத்தம் மாறிக்கிட்டே இருந்துச்சு. அஞ்சாவதுக்குக் கட்டையத் தோள்ல வச்சு எந்திரிச்சோம். ரெண்டு எட்டு வச்சிருப்போம்.

"அண்ணே, எறக்கு."

"அந்தா கிட்ட வந்துருச்சுடா..."

"அண்ணே. எறக்கு."

அந்தக் குரல நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. ரெண்டு பேரும் பைய உக்காந்து, தேக்சாவ ஆடாம தரையில வச்சோம். அம்புட்டு வலியிலயும் அவன் தன் பக்கத்த ஒழுங்கா இறக்கி வச்சான். ஒரு கங்கு சிந்தல. அப்பறம் தான் சாஞ்சான்.

பண்டாரி மாமு ஓடி வந்தாரு. சட்டையத் தூக்கி வயித்துல கைய வச்சவரு தீயத் தொட்ட மாதிரி கைய எடுத்துட்டாரு.

"டேய், என்னடா இது, பலகையாட்டம் இருக்கு! இதத் தான் குடல் ஏறிருக்குன்னு சொன்னியா? கிறுக்குப் பயலே, தூக்குடா அவனை! ஆட்டோ! யாராச்சும் ஆட்டோவக் கூப்புடுங்கப்பா!"

ஆட்டோல அவன் தலை என் மடியில. ரோட்டுல ஒவ்வொரு மேட்டுக்கும் அவன் பல்லக் கடிக்கிறான்.

"அண்ணே, வெரசாப் போங்கண்ணே"ன்னு நான் ஓட்டுறவரப் பாத்துக் கத்துறேன்.

"பைய போகச் சொல்லுண்ணே... பைய"ன்னு அவன் சொல்றான்.

ஆட்டோக்காரரு, "தம்பி, ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்கப்பா"ன்னு அழுகுற மாதிரி கேட்டாரு.

ஆஸ்பத்திரில ஒரு பொம்பள டாக்டர் வந்தாங்க. என்னை விடச் சின்ன வயசா இருக்கும். வயித்துல விரல வச்சு ஒரு தட்டுத் தட்டுனாங்க, அவ்வளவு தான், பக்கத்துல இருந்தவங்ககிட்ட வேகமா என்னமோ சொன்னாங்க. ரெண்டு கையிலயும் ஊசி ஏத்துறாங்க, ரத்தம் எடுக்குறாங்க, மூக்குல டியூப் விடுறாங்க. எல்லாம் ஒரே நேரத்துல நடக்குது. நடுவுல கேள்வியும் கேக்குறாங்க.

"எத்தனை நாளா வலி?"

"வியாழக்கிழமையில இருந்து."

"நடுவுல வலி நின்னுச்சா? பேதிக்குக் குடுத்தீங்களா? வயித்த யாராவது உருவி விட்டாங்களா?"

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அவன் சொல்லிட்டான். "இல்ல மேடம். யாரும் தொடல."

சொல்லிட்டு என்னைப் பாத்தான். பேசாம இருன்னு அந்தப் பார்வை. என்னைக் காப்பாத்துறானாம். அங்க கிடக்குறது அவன்.

அவனை ஸ்கேனுக்குத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. நான் பின்னாடியே போறேன். சொல்லணும், சொல்லணும்னு இருக்கு. சொன்னா போலீசுக்குச் சொல்லிருவாங்களோ, எல்லாருக்கும் தெரிஞ்சுருமோன்னு அந்த நேரத்துலயும் என்னையத் தான் நினைச்சேன். ஸ்கேன் ரூம் கதவு மூடுனதும் திரும்பி ஓடிப் போய் அந்த டாக்டர் முன்னாடி நின்னேன்.

"மேடம், அவன் பொய் சொல்றான். நான் தான் தடவுனேன். நேத்து மதியம். நல்லா அமுக்குனேன். அதுக்கப்பறம் வலி சட்டுனு விட்டுருச்சு."

அவங்க வைய மாட்டாங்களா, அடிக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. "எத்தனை மணிக்கு?"ன்னு மட்டும் கேட்டாங்க. "ரெண்டு ரெண்டரை"ன்னேன். கைக்கடிகாரத்தப் பாத்தாங்க. எழுதுனாங்க. "அப்ப உள்ள பரவி ஒரு நாள் ஆகப் போகுது"ன்னு சொல்லிக்கிட்டே நடந்துட்டாங்க.

ஆப்ரேசனுக்கு உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் அவன்கிட்ட விட்டாங்க. உதடு காஞ்சு போயிருந்துச்சு.

"சொல்லிட்டியாண்ணே?"

"சொல்லிட்டேன்டா."

"லூசு." சிரிக்கப் பாத்தான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாத. உன்னைய வையும்."

"சரிடா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் என்கிட்டப் பேசுன கடைசிப் பேச்சு அது.

வயித்தத் தொறந்து, சீழக் கழுவி, அந்த வாலை எடுத்துட்டதாச் சொன்னாங்க. அதுக்கப்பறம் கண்ணாடிக் கதவுக்கு அங்கிட்டு மிசின்ல வச்சிருந்தாங்க. சேதி கேட்டு அம்மாவும் பரவையில இருந்து ஓடி வந்துருச்சு. விசம் ரத்தத்துல ஏறிருச்சாம். சிறுநீர் போகலயாம். அந்த டாக்டரம்மா ரெண்டு நாளா வீட்டுக்குப் போகலன்னு நர்ஸ் சொன்னாங்க. செவ்வாக்கிழமை நான் அவங்ககிட்டக் கேட்டேன்.

"மேடம், நான் தடவுனதால தான் வெடிச்சுச்சா?"

"தெரியாதுப்பா. நீங்க தொடலன்னாலும் வெடிச்சிருக்கலாம். ஆனா அப்படி அமுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமை காலைலயோ வந்திருந்தா சின்ன ஆப்ரேசன். சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிருப்போம். இந்த நிலைமையில வந்தும் நிறையப் பேரு பொழைச்சுப் போயிருக்காங்க. இவரும் பொழைக்கணும்னு தான் பாக்குறோம்."

தெரியாதுன்னு சொன்னாங்க பாருங்க, அத வச்சு என்னால தப்பிக்கவும் முடியல, சாகவும் முடியல.

வியாழக்கிழமை சாயந்தரம் அசர் பாங்கு சொல்ற நேரத்துல மவுத்தாயிட்டான்.

வீட்ல குளிப்பாட்டும்போது கூடப் பொறந்தவன்னு என்னையும் உள்ள கூப்புட்டாங்க. எங்கள்ல மய்யித்தக் குளிப்பாட்டும்போது ஒரு முறை உண்டு. தலைப் பக்கத்த லேசாத் தூக்கி, வயித்தப் பைய தடவி விடணும், உள்ள இருக்குற அசுத்தம் வெளிய வரட்டும்னு. குளிப்பாட்ட வந்தவரு அவனைத் தாங்கிப் புடிச்சுக்கிட்டு என்னைப் பாத்தாரு.

"தம்பி, காயம் இருக்கு, அமுக்காம, சும்மா பேருக்கு ஒரு தடவை கைய ஓட்டி விடு."

துணிக்கு அடியில கைய வச்சேன். வயிறு மெத்துனு இருந்துச்சு. அன்னைக்கு இருந்த எந்தக் கெட்டியும் இல்ல. என் கை அங்கயே நின்னுருச்சு. "என்னால முடியாது, நான் தான் இத அமுக்குனேன், நான் தான் அமுக்குனேன்"னு கத்திட்டேன். அங்க நின்ன நாலு பேரும் கேட்டாங்க.

குளிப்பாட்ட வந்தவரு என் கைய எடுத்து ஓரமா வச்சுட்டு, அவரே செஞ்சாரு. அப்பறம், "தண்ணி ஊத்து"ன்னாரு. ஊத்துனேன்.

ஆனா நான் தடவுன விசயம் அம்மாவுக்குத் தெரியாது. துக்கம் கேக்க வந்தவங்க பூராம், "நடந்து போன பிள்ளைய வயித்தக் கிழிச்சுக் கொன்னுட்டாங்க"ன்னு பேசுறாங்க. அம்மாவும் அதையே சொல்லுது. "நெஞ்சுக்குக் கீழ அம்புட்டு நீளம் கிழிச்சிருக்காங்க"ன்னு சொல்லிச் சொல்லி அழுகுது. நான் மூலையில உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ பக்கத்து வீட்டு மாமி, "எம் மகளுக்கும் அடி வயிறு வலின்னு ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க, உங்க பிள்ளை கதையப் பாத்ததுல இருந்து வேணாம்னு நிறுத்திட்டேன்"னுச்சு.

மாமி போனதும் அம்மா முன்னாடி போய் உக்காந்தேன். அவனுக்குப் பண்ணுன சத்தியத்த உடைச்சேன். மெடிக்கல் அக்கா சொன்னது, இருமச் சொன்னது, மாமுகிட்ட வாரோம்னது, எண்ணெய், துண்டு, எல்லாத்தையும் சொன்னேன். அம்மா என் மூஞ்சிய பாக்காம தரையப் பாத்துக்கிட்டே கேட்டுச்சு.

"சனிக்கிழமை சாயந்தரம் நான் போன் பண்ணுனேன்ல."

"ஆமாம்மா."

"தூங்குறான்னு சொன்ன."

"ஆமா."

"தூங்குனானா?"

"இல்லம்மா. பக்கத்துல தான் உக்காந்திருந்தான். டீ குடிச்சுக்கிட்டு இருந்தான்."

"அப்ப அவன் சத்தத்த நான் கேட்டிருக்கலாம்."

அம்மா எந்திரிச்சு முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு நேராப் பக்கத்து வீட்டுக்குப் போச்சு. வாசல்ல நின்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. "ஆஸ்பத்திரி மேல தப்பில்லயாம். நாங்க தான் வீட்ல வச்சு நாசமாக்கிட்டோம். உம் மகள இன்னைக்கே கூட்டிட்டுப் போ. போகலன்னா நான் கூட்டிட்டுப் போவேன்." நாங்கன்னு சொல்லுச்சு. அவன்னு சொல்லல.

அதுக்கப்பறம் அம்மா என்கிட்ட அளவாத் தான் பேசும். "சாப்புடு", "கதவச் சாத்து", அம்புட்டுத் தான். நானும் ஏன்னு கேக்குறதில்ல.

தூக்குற வேலைய விட்டுட்டேன். மாமு கிட்டயே வெங்காயம் அரியுறேன், அரிசி கழுவுறேன். போன மாசம் செட்ல ஒருத்தன் வயித்தப் புடிச்சுக்கிட்டு வந்தான். "பெரியவனே, ஒரு தடவை தடவி விடுடா"ன்னான். வண்டியில தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டேன். ஸ்கேன் பூராம் எடுத்துட்டு வெறும் வாயு தான்னு அனுப்பிட்டாங்க. வர்ற வழியெல்லாம், "கிறுக்கா, அரை நாள் பொழப்பக் கெடுத்துட்டியேடா, ஒரு சோடாவுல போயிருக்கும்டா"ன்னு வஞ்சுக்கிட்டே வந்தான். வையட்டும். வைய அவன் இருக்கான்ல.

எந்த வயித்து வலியும் அதுவா இருக்கணும்னு இல்ல. ஆனா எதுன்னு என் கைக்குத் தெரியாது, உங்க கைக்கும் தெரியாது. வலி நின்னுருச்சேன்னு சந்தோசப்பட்டு வீட்ல இருந்துறாதீங்க. அத மட்டும் கேட்டுக்கிறேன்.

அம்மா தினம் அந்தியில மஃரிபு தொழுததுக்கு அப்பறம் தொழுகப் பாயிலயே ரொம்ப நேரம் கையேந்தி உக்காந்திருக்கும். என்ன கேக்குதுன்னு தெரியாது. அதுல நான் இருக்கேனான்னும் தெரியாது. நானும் பக்கத்துல உக்காந்து கேக்குறேன், ஆனா என் கையத் தூக்குனா எனக்கே கூசுது. அது போய்ச் சேருமான்னு பயமா இருக்கு. அதனால தான் உங்ககிட்ட வாரேன். நீங்க எந்தச் சாமியக் கும்புட்டாலும் சரி, எந்த மொழியில கேட்டாலும் சரி. இருபத்திரெண்டு வயசுல, அண்ணன் சொன்னான்னு துண்டக் கடிச்சுக்கிட்டுக் கால நீட்டுன ஒரு பையன் இருந்தான். அவன அடக்கம் பண்ணிருக்குற கபுரு விசாலமா, வெளிச்சமா இருக்கணும், அங்க அவனுக்கு எந்த வலியும் இருக்கக் கூடாதுன்னு, படிச்சு முடிச்சதும் எல்லாரும் ஒரு தடவை அவனுக்காகக் கேளுங்க.